ஒரு மூன்றெழுத்து பிறந்த கதை

1934-ல் தமிழ்ப்படம் எடுக்க ஆசைப்பட்டவர்கள் பெரும்பாலும் முதலில் செய்த காரியம், ரயிலுக்கு டிக்கெட் வாங்கியது. நல்ல ஸ்டூடியோக்கள் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்தன. நடிகர்கள், பாட்டு வாத்தியார், மிருதங்கக்காரர், சமையல்காரர், ஊறுகாய் ஜாடி என்று ஒரு சம்பந்தி கோஷ்டியே கிளம்பிப் போனது. அங்கே வாடகைக்கு ஒரு தளம், மொழி புரியாத கேமராக்காரர், தினப்படி ஏறிக்கொண்டே போகும் சாப்பாட்டுச் செலவு. சேலத்திலிருந்து அப்படிக் கல்கத்தா போன ஏஞ்சல் பிலிம்ஸ் கம்பெனியில் இளம் கூட்டாளி ஒருவர் இருந்தார். மற்றவர்கள் நடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் டி.ஆர். சுந்தரம். திருச்செங்கோட்டில் நூல் வியாபாரம் செய்த செல்வக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்து, கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பியிருந்தார். பஞ்சு ஒரு வாசலில் நுழைந்து துணியாக மறு வாசலில் வெளியேறும் மில்லைப் பார்த்துப் பழகிய கண். 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'நல்லதங்காள்' என்று கல்கத்தாவில் படமெடுத்த அனுபவத்தில் அவருக்கு ஒன்று உறைத்தது. சினிமாவையும் மில் போல நடத்தலாம். மில் இருந்தால் கல்கத்தா எதற்கு? 1935-ல், 28-வது வயதில், அவர் சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இடம் வாங்கி, மாடர்ன் தியேட்டர்ஸ் என்று பெயர் வைத்தார். மேலே காபித் தோட்டம், கீழே கேமரா. சென்னையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதே 1935-ல் 'மேனகா' என்ற படம் வெளியானது. டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்து ராஜா சாண்டோ இயக்கிய படம். என்.எஸ். கிருஷ்ணனின் முகத்தை ஜனங்கள் திரையில் முதலில் பார்த்தது அதில்தான். புராணப் படங்களே வந்துகொண்டிருந்த காலத்தில் இது சமூகக் கதை. எழுதியவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். மன்னார்குடிப் பக்கத்து வடுவூர்க்காரர், தாசில்தார் உத்தியோகத்தை விட்டுவிட்டு நாவல் எழுத உட்கார்ந்தவர். அவர் நாவல்களைப் படித்ததாக அந்தக் காலத்துப் பண்டிதர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்கு இரவல் போன பிரதி திரும்பி வந்ததில்லை.

அப்போது துப்பறியும் நாவல் வீட்டுக்கு வீடு புகுந்திருந்தது. ஜே.ஆர். ரங்கராஜு 'துப்பறியும் கோவிந்தன்' என்ற ஆளை உருவாக்கியிருந்தார். அவருடைய 'ராஜாம்பாள்' 1935-லேயே படமானது, 1951-ல் மறுபடியும் படமானது. 1936-ல் படமான 'சந்திரகாந்தா'வில் பி.யு. சின்னப்பா அறிமுகமானார். கோவிந்தன் சட்டம் தெரிந்த, சாமர்த்தியமான, போலீசோடு கைகோத்து நடக்கும் ஆசாமி. லண்டன் பேக்கர் தெருவிலிருந்து வந்த காற்று அவர் மேல் அடித்திருந்தது தெரியும்.

வடுவூரார் படைத்த ஆள் வேறு ஜாதி. தொப்பி, பைப், பூதக்கண்ணாடி எதுவும் கிடையாது. அவர் ஒரு சாமியார். வீடு வாசல் இல்லை, முன்கதை தெளிவாகத் தெரியாது, எந்த உருவத்திலும் வருவார், எந்த வீட்டிலும் நுழைவார். தமிழ்நாட்டில் எந்தக் கதவும் கேள்வி கேட்காமல் திறக்கும் ஒரே ஆள் சாமியார்தான் என்று வடுவூரார் கண்டுபிடித்தது சாதாரண விஷயமல்ல. ஷெர்லாக் ஹோம்ஸ் ஒரு வீட்டுக்குள் நுழையப் பாதிரியார் வேஷம் போட வேண்டியிருந்தது. இங்கே துப்பறிகிறவரே சாமியார். அவருக்கு வைத்த பெயர்தான் வில்லங்கம். திகம்பர சாமியார். திசைகளையே ஆடையாக உடுத்தவர் என்று பொருள். புத்தகத்தில் அது கம்பீரம். திரையில்?

அந்தக் கேள்வி எழுவதற்குள் வடுவூரார் 1942-ல் காலமானார். தன் சாமியாரைப் பெயர் சொல்லிப் படமெடுத்ததை அவர் பார்க்கவில்லை.

மலையடிவாரத்தில் மில் ஓடத் தொடங்கியிருந்தது. 1937-ல் 'சதி அகல்யா' முதல் படம். 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' சேலத்திலிருந்து போனது. நடிகர், எழுத்தாளர், தச்சர், லைட் பாய் எல்லோருக்கும் மாதச் சம்பளம், எல்லோருக்கும் நேரக் கட்டுப்பாடு. முதலாளி சொன்ன மணிக்கு மேக்கப் ரூமில் ஆள் இருக்கவேண்டும். ராஜா வேஷம் கட்டுகிறவரானாலும் சரிதான். கதாநாயகர்கள் பலருக்கு இது கசந்தது. ஆனால் சும்மா இருக்கும் நேரமில்லாத ஒரு மேக்கப் ரூமும், காலியாகாத டோப்பா அலமாரியும், வருஷம் பூராவும் சம்பளம் வாங்கும் ஒப்பனைக்காரரும் இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று முதலாளிக்கு ஒரு யோசனை வந்துகொண்டே இருந்தது.

1940-ல் அதை ஒருமுறை சோதித்துப் பார்த்தார். 'உத்தம புத்திரன்'. பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். தமிழ்த் திரையில் அதுதான் முதல் முறை. ஒரே ஆள் இரண்டு பேராகத் திரையில் நின்றதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. ஒரு ஆளை இரண்டாக்கினால் இவ்வளவு வசூல் என்றால், ஒரு டஜன் ஆக்கினால்?

அந்தக் கணக்கு பத்து வருஷம் கழித்துத்தான் தீர்ந்தது. 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' நாவலைப் படமாக்கத் தொடங்கியது. நாவலுக்கு இன்னொரு தலைப்பும் இருந்தது. அதையே படத்துக்கு வைத்தார்கள். 'திகம்பர சாமியார்'. கும்பகோணத்தில் சட்டநாதம் பிள்ளை என்ற வக்கீல், சட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்த ஆள். அவர் பின்னும் வலையைச் சாமியார் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கவேண்டும்.

சாமியாராக நடிக்க முதலில் வந்தவர் காளி என். ரத்தினம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆருக்கும் சின்னப்பாவுக்கும் நடிப்புச் சொல்லிக் கொடுத்த வாத்தியார். மேடையில் காளி வேஷம் கட்டிக் கட்டியே பெயரோடு காளி ஒட்டிக்கொண்டவர். திரையில் நகைச்சுவையில் கொடிகட்டிப் பறந்தவர். வேஷம் மாற்றுவதில் அவரைவிட அனுபவசாலி யார்? கேமரா ஓடியது. பல ஆயிரம் அடி பிலிம் சுருண்டது. எடுத்தவரைக்கும் போட்டுப் பார்க்க முதலாளி உட்கார்ந்தார்.

விளக்கு எரிந்தபோது அவர் முகம் சரியாக இல்லை.

அவர் என்ன பேசினார் என்பதைவிட என்ன செய்தார் என்பதுதான் கதை. எடுத்ததையெல்லாம் ஒதுக்கிவைத்தார். ஆயிரக்கணக்கான அடி பிலிமைத் தூக்கிப்போடுவது அந்தக் காலத்தில் பாதி சொத்தைக் கிணற்றில் போடுவது மாதிரி. அதுவும் பில்லைப் பார்த்துப் பார்த்து முதலாளியான ஒருவர் செய்வது! என் ஊகம் இதுதான். ரத்தினம் எந்த வேஷத்தில் வந்தாலும் ஜனங்களுக்கு ரத்தினம்தான் தெரிந்திருப்பார். தெரிந்த முகத்தில் எத்தனை தாடி ஒட்டினாலும் அது தெரிந்த தாடி. வேஷம் பலிக்க வேண்டுமானால் அடியில் இருக்கும் முகம் ஜனங்கள் மனதில் இன்னும் பதியாததாக இருக்கவேண்டும்.

அப்படி ஒரு முகம் அதே ஸ்டூடியோவில் திரிந்துகொண்டிருந்தது. நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து, 1935-லேயே 'பக்த ராம்தாஸ்' படத்தில் தலைகாட்டி, பதினைந்து வருஷமாகப் பெரிய இடத்துக்கு வராமல் இருந்த மலையாளத்து இளைஞர். வயது 31. அதே 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'யில் ராஜகுருவாக வந்தவர். எம்.என். நம்பியார்.

சாமியாரின் ஆடைப் பிரச்சினையை யாரும் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பெயரில் திகம்பரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டு, படம் நேர் எதிர்த்திசையில் போனது. ஆடையே இல்லாதவர் என்று பெயர் பெற்றவருக்கு அலமாரியில் இருந்த ஆடையெல்லாம் மாட்டினார்கள். பத்துக்கும் மேற்பட்ட வேஷங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு நடை, வேறு குரல், வேறு முதுகு. நாவலில் சாமியாரின் மூளை பக்கம் பக்கமாக வேலை செய்யும். அது எப்படி யோசித்தது என்று வடுவூரார் நிதானமாக விளக்குவார். திரையில் யோசனையைக் காட்ட முடியாது, தாடியைக் காட்டலாம். வக்கீலைத் தூங்கவே விடாமல் விழிக்கவைத்து, உண்மையைக் கக்கவைக்கும் கட்டம் வந்தது. துப்பு, தர்க்கம், தடயம் எல்லாம் பின்னால் தள்ளப்பட்டு, அடுத்து எந்த உருவத்தில் வருவார் என்ற ஆவல் படத்தை இழுத்துப்போனது.

இதைக் குறை என்று சொல்கிற நாவல் ரசிகர்கள் உண்டு. ஆனால் ஹோம்ஸுக்கு நடந்ததும் இதுதான். மான் வேட்டைத் தொப்பியின் பெயரைக் கானன் டாயில் கதையில் எங்குமே எழுதவில்லை. பத்திரிகைக்குப் படம் வரைந்த சிட்னி பேஜெட் மாட்டிவிட்ட தொப்பி அது. 1939-ல் பேசில் ராத்போன் ஹோம்ஸாக வந்தபோது குதிரை வண்டி ஓடியது. 1942-ல் கம்பெனி மாறியதும் அதே ராத்போன் கார் ஓடும் லண்டனில் நாஜிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். வங்காளத்தில் 1951-ல் 'ஜிகாங்சா', இந்தியில் 1962-ல் 'பீஸ் சால் பாத்' என்று ஹோம்ஸின் புகழ்பெற்ற வேட்டைநாய்க் கதை படமானபோது நாய் போய் அமானுஷ்யப் பெண் வந்தாள், ஹோம்ஸையே காணவில்லை. துப்பறிகிறவர் திரைக்கு வரும்போதெல்லாம் ஊர் தன் துணியைத்தான் அவருக்கு உடுத்துகிறது. சேலம் உடுத்தியது கூத்துமேடைத் துணி.

படம் ஓடியது. நம்பியாரைக் கதாநாயகனாக வைத்து 1952-ல் 'கல்யாணி' எடுத்தார்கள். ஆனால் தமிழ்நாடு அவரை நல்லவராக நீண்ட நாள் விட்டுவைக்கவில்லை. அவர் வில்லனாகி, எம்.ஜி.ஆரிடம் சவுக்கடி வாங்கப் போய்விட்டார். சாமியார் வேஷம் மட்டும் திரைக்கு வெளியே அவரோடு கடைசிவரை இருந்தது. வருஷா வருஷம் சபரிமலைக்குக் கூட்டம் கூட்டமாக அழைத்துப்போன குருசாமி அவர்.

அந்த அலமாரி அதற்கும் பிறகு ஓயவில்லை. அதே 1952-ல் ஹாலிவுட் கம்பெனியோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்று ஒரு ஆங்கிலப் படம் எடுத்தார்கள். கதைக்கு மாமத் என்ற பழங்காலத்து ரோம யானைகள் தேவைப்பட்டன. நம்மூர் யானைகளுக்கு ரோமச் சட்டை போட்டு நிறுத்தினார்கள். யானைக்கே வேஷம் கட்டிய பின் மனுஷனுக்குக் கட்ட என்ன இருக்கிறது என்று தோன்றியிருக்கலாம். துப்பறியும் கதை அடங்கிப்போனது. 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழு வண்ணப்படமாக வந்தது. 1963-ல் சுந்தரம் காலமானார்.

முதலாளியின் நாற்காலியில் மகன் ராம சுந்தரம் உட்கார்ந்தார். ஆர். சுந்தரம் என்று டைட்டிலில் வரும். அப்பாவின் காலம் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். ராஜா ராணிக் கதைகளை ஜனங்கள் பார்த்து அலுத்துவிட்டார்கள். பெரிய நட்சத்திரங்கள் சென்னையை விட்டு வரமாட்டேன் என்றார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இல்லாமல், குறைந்த செலவில், ஜனங்களை எப்படி உள்ளே இழுப்பது?

விடை வெகு தூரத்தில், பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தது.

1949-ல் ழான் புரூஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு உளவாளியைப் படைத்தார். பெயர் யூபேர் போனிசர் த லா பாத். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரி தப்பித்துவிடுவான் என்பதாலோ என்னவோ, எல்லோரும் எண்ணால் அழைத்தார்கள். ஓ.எஸ்.எஸ். 117. ஜேம்ஸ் பாண்ட் புத்தகத்தில் பிறந்தது 1953-ல். ஆக 117 அண்ணன், 007 தம்பி. ஆனால் 1962-ல் 'டாக்டர் நோ' வந்தபோது தம்பி உலகப் புகழ் பெற்றுவிட, அண்ணன் நகல் மாதிரி தெரிய ஆரம்பித்தார். அவசரம் அவசரமாக ஆந்த்ரே யூனபெல் என்ற இயக்குநர் 117 கதைகளை வரிசையாகப் படமாக்கினார். 1964-ல் பாங்காக்கில் நடக்கும் கதை, கெர்வின் மேத்யூஸ் நாயகன். அடுத்த இரண்டு வருஷம் ஃபிரெடரிக் ஸ்டாஃபோர்ட். 1968-ல் ஜான் கேவின். ஒரே ஆளுக்கு நாலு வருஷத்தில் மூன்று முகம்.

அந்த பாங்காக் படம்தான் சேர்வராயன் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது.

இப்போது முகம் வேண்டும். 1965-ல் 'இரவும் பகலும்' படத்தில் அறிமுகமாகியிருந்த, சின்னக் கண்களும் சுறுசுறுப்பான கைகால்களுமாக ஒரு இளைஞர் இருந்தார். ஜெய்சங்கர். சொன்ன தேதியில் வருவார், சம்பளத்துக்கு அடம்பிடிக்கமாட்டார், நேரக் கட்டுப்பாடு பழகிய ஸ்டூடியோவுக்கு ஏற்ற ஆள். 1966-ல் 'இரு வல்லவர்கள்', அதே வருஷம் பாங்காக் கதையான 'வல்லவன் ஒருவன்'. தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவர் தென்னகத்து ஓ.எஸ்.எஸ். 117. அதை எழுதினால் யாருக்குப் புரியும்?

இரண்டு நாட்டுப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேடிக்கை. பிரெஞ்சு 117 பிரபு வம்சம், அமெரிக்க உளவு அமைப்புக்கு வேலை, கையில் கோப்பை, உதட்டில் இளக்காரம். மேத்யூஸ், கேவின் இருவருமே எந்தக் கலவரத்திலும் தலைமுடி கலையாத ரகம். ஜெய்சங்கர் அப்படியில்லை. எதிரியைப் பார்த்துச் சிரிப்பார், மேசை மேல் தாவுவார், விழுவார், எழுந்து டை சரிசெய்வார், நடுவில் வேதாவின் இசையில் ஒரு டூயட்டும் பாடிவிட்டு வருவார். யூனபெல்லுக்கு வெளிநாட்டு நகரங்கள் இருந்தன. சேலத்துக்கு இருந்தது ஸ்டூடியோவுக்குள் போட்ட செட்டும், கொல்லைப்புறத்தில் நின்ற மலையும். சிக்கனத்தை மறைக்க வேகம் தேவைப்பட்டது. என்னைக் கேட்டால் பிரெஞ்சு மூலங்களைவிடத் தமிழ்ப்படங்களில் விறுவிறுப்பு ஒரு படி அதிகம். பணம் இல்லாதவன் ஓடித்தானே ஆகவேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. உளவாளி என்ற தொழில் தமிழ் ரசிகருக்கு அந்நியம். பனிப்போர், இரட்டை ஏஜென்ட், ரகசிய எண் எதுவும் ஒட்டவில்லை. வடுவூராரிடம் 'சாமியார்' என்று ஒரே சொல்லில் முடிந்த அறிமுகம் இங்கே முடியவில்லை. கதவைத் தட்டியதும் திறக்கவைக்கும் ஒரு சொல் வேண்டியிருந்தது. அந்தச் சொல் போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சுதந்திரப் போராட்டக்காரர்கள் வெறுத்து உச்சரித்த மூன்று எழுத்துகள். மப்டியில் வந்து கூட்டத்தில் நின்று காட்டிக்கொடுக்கிறவனைக் குறித்த சொல். அதைத் தூசி தட்டி, நாயகனின் பெயருக்கு முன்னால் மாட்டினார்கள். ஒட்டுத் தாடியின் வேலையை இனி எழுத்து செய்தது.

1970-ல் ஜான் கேவின் நடித்த 117 கதையின் சாயலில் ஆர். சுந்தரமே இயக்கி ஒரு படம் வந்தது. தலைப்பிலேயே அந்த எழுத்துகள். 'சி.ஐ.டி. சங்கர்'. (அதே சமயத்தில் கேவினையும் ஜேம்ஸ் பாண்டாக நடிக்க ஒப்பந்தம் செய்தார்கள். கடைசியில் ஷான் கானரி திரும்பி வந்ததால் அந்த வாய்ப்பு பறிபோனது. 117 வேஷம் கட்டியவருக்குத் தலையெழுத்து அப்படி.)

படத்துக்கு நாயகியாக நடிக்க சேலத்துப் பெண்ணொருவர் வந்தார். நடனம் தெரிந்தவர், அதற்கு முன் சின்னச் சின்ன வேடங்களில் வந்து போனவர். பெயர் ஏ. சகுந்தலா. அந்தப் பெயரில் அப்போது பலர் இருந்தார்கள். எந்த சகுந்தலா என்று கேட்டால் அடையாளம் சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. படத்தின் தலைப்பிலிருந்த மூன்றெழுத்து, நாயகனின் பெயரை விட்டு மெல்ல நழுவியது.

ஜெய்சங்கர் பிறகு கௌபாய் ஆனார், வில்லன் ஆனார், 'மக்கள் கலைஞர்' ஆனார். 117-ஐப் பிரான்ஸிலேயே மறந்து, 2006-ல் ழான் துஜார்தான் நடிக்கக் கேலிப்படமாக எடுத்தார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களைத் தாண்டி எடுத்துவிட்டுப் படப்பிடிப்பை நிறுத்தியது. தளங்கள் போயின, மேக்கப் ரூம் போனது, டோப்பா அலமாரி எங்கே போனதோ. சாலையோரத்து முகப்பு வளைவு மட்டும் நின்றது. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப்போகிறவர்கள் அதற்கு முன் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த நடிகை அறுநூறுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தார். கதாநாயகி, வில்லி, கவர்ச்சி நடனம், பிற்காலத்தில் டி.வி. சீரியலில் மாமியார். 2024 செப்டம்பரில் பெங்களூரில் காலமானார். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் ஒரே பெயரைத்தான் அச்சடித்தன. சி.ஐ.டி. சகுந்தலா.